பெட்டிக்குள் எழுதிய சொல்லும் அதன் பொருளும்: செயல்முறை வரைபடங்களை ஆன்டாலஜியோடு இணைக்கும் கருவிகள்

ஒரு நிறுவனம். அங்கே நான்கு பிரிவுகள் தங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று படம் வரைந்து வைத்திருக்கின்றன. வாடிக்கையாளர் சேர்க்கைப் பிரிவின் படத்தில் ஒரு பெட்டிக்குள் 'பதிவு செய்' என்று இருக்கிறது. புதிதாக வருபவரின் பெயரையும் முகவரியையும் கணினியில் ஏற்றி, அவருக்கென்று ஓர் எண் கொடுக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். புகார்ப் பிரிவின் படத்திலும் 'பதிவு செய்' உண்டு. அங்கே அது, தொலைபேசியில் ஒருவர் சொன்னதைக் குறித்துவைப்பது. ஊழியர்களுக்குக் கூட்ட அறை ஒதுக்கும் பிரிவிலும் 'பதிவு செய்' இருக்கிறது. அறையை முன்கூட்டியே பிடித்துவைப்பதைத்தான் அவர்கள் அப்படி எழுதியிருக்கிறார்கள். நான்காவது படத்தில் 'புது உறுப்பினரைச் சேர்' என்று ஒரு பெட்டி. விசாரித்துப் பார்த்தால், முதல் படத்தில் உள்ள அதே வேலைதான்.

இப்போது ஒருவர் வந்து, "வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களை எந்தெந்த இடத்தில் சேமிக்கிறோம்?" என்று கேட்கிறார். கணினியில் 'பதிவு செய்' என்று தேடினால் முதல் மூன்று படங்களும் வந்து நிற்கும். அவற்றில் ஒன்று தேவையே இல்லாதது. நான்காவது வராது. நான்கு படம் என்றால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். நானூறு படம் இருந்தால்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் செயல்முறை மாதிரிகளுக்கு ஆன்டாலஜி அனோட்டேஷன் செய்யும் கருவிகள் தேவைப்படுகின்றன. பெயர் நீளமாகவும் கொஞ்சம் மிரட்டலாகவும் இருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணம் எளிமையானது: பெட்டிக்குள் எழுதியிருக்கும் சொல்லை மனிதர்கள் படித்துக்கொள்ளட்டும், அந்தப் பெட்டி உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதைக் கணினிக்குப் புரியும்படி தனியாக ஒரு முடிச்சுப் போட்டு வைப்போம். அந்த முடிச்சுதான் அனோட்டேஷன்.

செயல்முறை மாதிரி என்பது ஒரு வேலை எங்கே தொடங்கி, என்னென்ன படிகளைத் தாண்டி, எங்கே முடிகிறது என்று காட்டும் படம். இன்று பரவலாகப் புழங்கும் வரைமுறை பிபிஎம்என். அதன் முதல் பதிப்பு 2004இல் வந்தது. ஓஎம்ஜி என்ற தர அமைப்பு 2.0 பதிப்பை 2011இல் வெளியிட்டது. 2013இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. வட்டம் என்றால் நிகழ்வு, முனை மழுங்கிய செவ்வகம் என்றால் பணி, சாய்சதுரம் என்றால் பாதை பிரியும் இடம். சாய்சதுரத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் ஒரே ஒரு பாதையில்தான் போக முடியும், கூட்டல் குறி இருந்தால் எல்லாப் பாதையிலும் ஒரே நேரத்தில் போகலாம். இவ்வளவு கறாரான வரைமுறை, பெட்டிக்குள் எழுதும் சொல்லை மட்டும் வரைபவரின் கையில் விட்டுவிடுகிறது. உருவங்களுக்கு இலக்கணம் உண்டு, சொற்களுக்கு இல்லை. நம்முடைய மொத்தச் சிக்கலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அடுத்தது ஆன்டாலஜி. தத்துவத்தில் இருப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தப் பெயர். கணினித் துறையில் அர்த்தம் வேறு. டாம் குரூபர் 1993இல் கொடுத்த விளக்கத்தை நம் வார்த்தையில் சொன்னால், ஒரு துறையைப் பற்றி நாம் மனத்தில் வைத்திருக்கும் கருத்துருக்களை வெளிப்படையாக, ஐயமில்லாமல் எழுதிவைப்பது. அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும். ஆன்டாலஜி கருத்துருக்களுக்கு இடையே உள்ள உறவையும் சேர்த்துச் சொல்லும். தொலைபேசி எண் ஒரு வகைத் தொடர்பு விவரம். தொடர்பு விவரம் ஒரு வகைத் தனிநபர் தரவு. இந்த இரண்டை மட்டும் எழுதிவைத்தால் போதும், தொலைபேசி எண் தனிநபர் தரவு என்பதை யாரும் சொல்லாமலே கணினி முடிவு செய்துகொள்ளும். அப்படி முடிவு செய்யும் மென்பொருளுக்கு ரீசனர் என்று பெயர். ஆன்டாலஜியை எழுதுவதற்கு ஆவுல் என்ற மொழி இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004இல் அதைத் தரமாக அறிவித்தது. அதில் எழுதுவதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரொட்டஜே என்ற இலவச மென்பொருளைத்தான் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள்.

ஒவ்வொரு கருத்துருவுக்கும் ஐஆர்ஐ என்ற தனி அடையாளம் உண்டு. பார்ப்பதற்கு இணைய முகவரி போலவே இருக்கும். அது சொல் கிடையாது என்பதுதான் முக்கியம். 'வாடிக்கையாளர் சேர்க்கை' என்ற கருத்துருவின் பெயரைத் தமிழில் எழுதினாலும் வேறு மொழியில் எழுதினாலும், நாளைக்கே பெயரை மாற்றினாலும், ஐஆர்ஐ மாறாது.

சரி, இப்போது ஒரே ஒரு பெட்டியை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

சேர்க்கைப் பிரிவின் படத்தை ஒரு கோப்பாகச் சேமித்தால், உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல் உரை, அதாவது குறிச்சொற்கள் போட்டு எழுதிய தரவு. 'பதிவு செய்' பெட்டி அதில் டாஸ்க் என்ற ஓர் உறுப்பு. அதற்கு இரண்டு பண்புகள்: ஓர் உள் அடையாள எண், ஒரு பெயர். பெயருக்கு எதிரே 'பதிவு செய்' என்ற எழுத்துகள். கணினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிபிஎம்என் 2.0வில் ஒரு நல்ல வசதி வைத்திருக்கிறார்கள். எந்த உறுப்புக்குள்ளும் எக்ஸ்டென்ஷன் எலிமென்ட்ஸ் என்ற ஒரு பையைச் சொருகி, அதற்குள் தரத்தில் இல்லாத நம் சொந்தத் தகவலை வைக்கலாம். அனோட்டேஷன் கருவி அந்தப் பைக்குள் ஒரு வரி எழுதுகிறது: இந்தப் பணி, இன்ன ஐஆர்ஐ உள்ள 'வாடிக்கையாளர் சேர்க்கை' என்ற கருத்துருவைக் குறிக்கிறது. நான்காவது படத்தில் 'புது உறுப்பினரைச் சேர்' பெட்டிக்குள்ளும் அதே ஐஆர்ஐ. கூட்ட அறைப் படத்தில் வேறு ஐஆர்ஐ. வரைந்தவர்கள் யாரும் தங்கள் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. படமும் முன்பு இருந்தது போலவே தெரியும்.

புதிதாக வருபவர்கள் ஓர் இடத்தில் தடுமாறுவார்கள். பிபிஎம்என் படத்தில் டெக்ஸ்ட் அனோட்டேஷன் என்று ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு பகர அடைப்புப் போட்டு நாம் எழுதும் குறிப்பு. பெயரில் அனோட்டேஷன் இருந்தாலும் அது படிப்பவருக்கான துண்டுச்சீட்டு மட்டுமே. நாம் பேசிக்கொண்டிருப்பது வேறு.

அப்புறம், கருவி என்று தனியாக எதற்கு? பைக்குள் ஒரு வரிதானே, கையாலேயே எழுதிவிடலாமே என்று தோன்றும். ஒரு பெட்டிக்கு எழுதலாம். நூறாவது பெட்டியில் ஐஆர்ஐயில் ஓர் எழுத்து மாறிப்போகும், அதைக் கண்டுபிடிக்க ஒருநாள் போகும். அதைவிடப் பெரிய காரணம், சரியான கருத்துருவைத் தேடி எடுப்பது. ஆன்டாலஜியில் ஆயிரம் கருத்துருக்கள் இருக்கலாம். ஒரு பக்கம் வரைபடம், மறு பக்கம் கருத்துரு மரம், மேலே ஒரு தேடல் பெட்டி: பெரும்பாலான கருவிகளின் முகம் இப்படித்தான் இருக்கும். பெட்டியைத் தொட்டதும் பொருத்தமான கருத்துருக்கள் வரிசையாக வரும், ஒன்றைச் சொடுக்கினால் முடிச்சு விழும். என்னைக் கேட்டால், ஒரு கருவி நல்லதா என்று பார்க்க ஒரே சோதனை போதும். கருத்துருவின் பெயரோடு அதன் விளக்க வரியையும் அங்கேயே காட்டுகிறதா? பெயரை மட்டும் பார்த்துச் சொடுக்க வைக்கும் கருவி, பழைய குழப்பத்தையே புது இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஆன்டாலஜியில் 'பதிவு' என்ற பெயரில் இரண்டு கருத்துருக்கள் இருந்தால், விளக்கம் இல்லாமல் யார்தான் சரியாகத் தேர்ந்தெடுப்பார்கள்?

பரிந்துரை எங்கிருந்து வருகிறது என்பது சுவையான விஷயம். பெட்டிக்குள் 'விண்ணப்பத்தைச் சரிபார்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி முதலில் அதைச் செயல், பொருள் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும். தமிழில் கடைசியில் வரும். 'விண்ணப்பத்தைச்' என்பதில் கடைசி 'ச்' சந்தியால் வந்தது, அதை நீக்க வேண்டும். பிறகு 'ஐ' உருபு. அதையும் எடுத்தால் 'விண்ணப்பத்து' என்று நிற்கும், அதிலிருந்து 'விண்ணப்பம்' என்ற சொல்லுக்குப் போக வேண்டும். இவ்வளவையும் செய்த பிறகுதான் ஆன்டாலஜியில் உள்ள 'விண்ணப்பம்' என்ற கருத்துருவோடு ஒப்பிட முடியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு 'விண்ணப்பத்தைச்' என்பதும் 'விண்ணப்பம்' என்பதும் வேறு வேறு சொற்கள். அதே பெட்டியில் ஒருவர் 'விண்ணப்பச் சரிபார்ப்பு' என்று பெயர்ச்சொல்லாக எழுதியிருப்பார். அங்கே வினையே வேறு உருவத்தில் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இந்தக் கடைசிச் சிக்கல் உண்டு. அதனால்தான் பெட்டிகளுக்கு 'எதை என்ன செய்' என்ற ஒரே அமைப்பில் பெயர் வையுங்கள் என்று செயல்முறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பிரித்த பிறகு, ஒரே பொருளுள்ள வேறு சொற்களைத் தேட வேர்ட்நெட் போன்ற சொல்வலைகள் உதவுகின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய அந்த முயற்சி, ஆங்கிலச் சொற்களைப் பொருள் அடிப்படையில் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து வைத்தது. இப்போது பெரிய மொழி மாதிரிகளும் இந்த வேலையைச் செய்கின்றன. சொல் ஒத்துப்போகாவிட்டாலும் பொருள் நெருங்கியிருந்தால் அவை பிடித்துவிடும். ஆனாலும் பரிந்துரை பரிந்துரையாகவே இருக்க வேண்டும். 'சரிபார்' என்றால் விண்ணப்பத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதா, ஆவணம் உண்மையானதா என்று பார்ப்பதா, அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதா? மூன்றும் வேறு வேறு வேலைகள், செய்பவர்களும் வேறு. அந்தப் பதில் பெட்டிக்குள் இல்லை. அந்த வேலையைச் செய்பவரிடம்தான் இருக்கிறது. ஒரே சொடுக்கில் எல்லாப் பெட்டிக்கும் தானாக அனோட்டேஷன் போட்டுவிடும் வசதியை நான் நம்பமாட்டேன். முடிச்சு இல்லாத பெட்டி, தன்னிடம் தகவல் இல்லை என்று நேர்மையாகக் காட்டிக்கொள்கிறது. தவறான முடிச்சோ சரியானது போலவே தெரியும், அறிக்கையிலும் போய் உட்கார்ந்துவிடும்.

இந்தக் கருவிகளின் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இணையச் சேவைகளின் விவரக் கோப்பில் இதே போல முடிச்சுப் போடுவதற்கு எஸ்ஏடபிள்யூஎஸ்டிஎல் என்ற தரம் 2007இல் வந்தது. அதில் கருத்துருவைச் சுட்டுவதற்கு மாடல்ரெஃபரன்ஸ் என்று ஒரு சின்னப் பண்பு. அதற்கு எதிரே கருத்துருவின் ஐஆர்ஐ. அந்த எளிமையைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2006 முதல் 2009 வரை நடந்த சூப்பர் என்ற ஆய்வுத் திட்டம், தொழில் செயல்முறைகளுக்கென்றே ஆன்டாலஜிகளையும் வரையும் கருவிகளையும் உருவாக்கியது. எக்லிப்ஸ் என்ற மென்பொருள் உருவாக்கத் தளத்தின் மேல் கட்டிய டபிள்யூஎஸ்எம்ஓ ஸ்டூடியோ அந்தக் காலத்தின் முக்கியமான கருவி. இத்தாலியின் டிரெண்டோ நகரில் உள்ள புரூனோ கெஸ்லர் ஆய்வு நிறுவனம் மோக்கி என்ற விக்கி வகைக் கருவியைச் செய்தது. துறை தெரிந்தவரும் ஆன்டாலஜி தெரிந்தவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பது அதன் எண்ணம். எனக்கு அந்த எண்ணம் இன்றைக்கும் பிடித்திருக்கிறது. வேலை நடக்கும்போது கணினி குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவுகளை ஆராயும் துறையிலும் இது எட்டிப்பார்த்தது. அந்தப் பதிவுகளுக்காக ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 2016இல் தரமாக்கிய எக்ஸ்இஎஸ் வடிவத்துக்கு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் கருத்துருவை இணைக்கும் ஒரு நீட்சி உண்டு.

ஆய்வுக் கூடத்தில் பிறந்த கருவிகளுக்குப் பொதுவாக ஒரு விதி உண்டு: திட்டம் முடிந்தால் பராமரிப்பும் நின்றுவிடும். இன்று தொடங்குபவருக்கு நான் சொல்வது, கையில் இருக்கும் நல்ல துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே. படம் வரைய பிபிஎம்என்-ஜேஎஸ் என்ற திறந்த மூல நூலகம் உலாவியிலேயே ஓடுகிறது. புதிய பண்பின் பெயரை ஒரு சின்ன ஜேசான் கோப்பில் அறிவித்து, பக்கவாட்டுப் பலகையில் ஒரு தேடல் பெட்டியைச் சேர்த்தால், அனோட்டேஷன் கருவியின் எலும்புக்கூடு தயார். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஒருவருக்கு இது எட்டாத வேலை கிடையாது. நிரல் எழுத யாரும் இல்லையா? சிக்னாவியோ போன்ற வணிகத் தளங்களில் டிக்ஷனரி என்று ஒரு பகுதி இருக்கும். பெட்டியை அதில் உள்ள பதிவோடு இணைக்கலாம். சொற்பட்டியல்தான், ரீசனர் பயன்படுத்தும் அளவுக்கு உறவுகள் இருக்காது. பாதி தூரம் என்றாலும் உருப்படியான பாதி.

முடிச்சுகளைப் போட்டாயிற்று. கேள்வி கேட்பது எப்படி? இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. முதல் வழியில் படம் படமாகவே இருக்கும். பைக்குள் இருக்கும் ஐஆர்ஐகளை மட்டும் திரட்டி ஒரு தரவுத்தளத்தில் வைத்து, ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் கேட்கிறோம். "தனிநபர் தரவு என்ற கருத்துருவையோ அதன் கீழ்வகை எதையாவதோ தொடும் பணிகள் எவை?" இரண்டாவது வழியில் முழுப் படத்தையும், பெட்டி, அம்பு, சாய்சதுரம் உட்பட, ஆன்டாலஜி மொழிக்கே மாற்றிவிடுகிறோம். இதற்கென்று பிபிஎம்என் வரைமுறையையே ஓர் ஆன்டாலஜியாக எழுதி வைத்திருக்கிறார்கள். டிரெண்டோ குழுவின் பணி இந்த வகை. அப்போது, அனுமதி வாங்கும் பணியிலிருந்து பணம் அனுப்பும் பணிக்கு நேரே ஓர் அம்பு போக வேண்டும் என்பது போன்ற கட்டமைப்பு விதிகளையும் சோதிக்கலாம். எந்தப் பாதையில் போனாலும் பணம் அனுப்பும் முன் அனுமதி வாங்கியிருப்பார்களா என்று கேட்டால், அது படத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனை. ஆவுல் தனியாக அதற்குப் போதாது. தொடங்குபவருக்கு முதல் வழியே போதும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆவுல் மொழி திறந்த உலகக் கொள்கையில் நிற்கிறது. ஒன்று எழுதப்படவில்லை என்றால் அது இல்லை என்று அது முடிவு கட்டாது. இன்னும் தெரியவில்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஒரு பணிக்கு அனோட்டேஷனே போடாமல் விட்டிருந்தால், ரீசனர் அதைக் குறை என்று சொல்லாது. விட்டுப்போனவற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஷாக்கிள் என்று ஒரு தரம் இருக்கிறது, 2017இல் வந்தது. ஒவ்வொரு பணிக்கும் குறைந்தது ஒரு கருத்துரு இருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி எழுதிவைத்தால், இல்லாதவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிடும்.

முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்பதும் எழுதப்பட வேண்டும். ஆன்டாலஜியில் இருக்கும் கருத்துரு பெட்டிக்கு அச்சாகப் பொருந்துவது அபூர்வம். சில நேரம் கருத்துரு அகலமாக இருக்கும், சில நேரம் குறுகலாக. மாடல்ரெஃபரன்ஸ் போன்ற ஒற்றைப் பண்பு இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. 2009இல் தரமான ஸ்கோஸ் சொற்தொகுதியில் முழுப் பொருத்தம், நெருங்கிய பொருத்தம், அகன்ற பொருத்தம், குறுகிய பொருத்தம் என்று தனித்தனி உறவுகள் இருக்கின்றன. ஒரு கருத்துருவை இன்னொரு கருத்துருவோடு ஒப்பிட வந்த உறவுகள்தான் அவை. ஆனாலும் அந்தப் பாகுபாட்டைக் கடன் வாங்கி, கருவியில் ஒரு சின்னத் தேர்வுப் பட்டியலாக வைத்தால் பிறகு நிறைய சண்டை மிச்சமாகும்.

உண்மையான தலைவலி ஆறு மாதம் கழித்துத்தான் வரும். ஒருவர் 'பதிவு செய்' பெட்டியை நகலெடுத்து வேறு படத்தில் ஒட்டுகிறார். பெயரை 'கோப்பை மூடு' என்று மாற்றுகிறார். கண்ணுக்குத் தெரிந்த பெயர் மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பைக்குள் 'வாடிக்கையாளர் சேர்க்கை' அப்படியே இருக்கிறது. அடுத்த அறிக்கையில் கோப்பை மூடும் பணி, வாடிக்கையாளரைச் சேர்க்கும் பணியாக வந்து நிற்கும். இன்னொருவர் கோப்பை வேறு வரைகருவியில் திறந்து சேமிக்கிறார். அது தனக்குத் தெரியாத பையைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. கருவியை முடிவு செய்வதற்கு முன்னால் இந்த இரண்டையும் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். பெயர் மாறினால் அனோட்டேஷனையும் சரிபார்க்கச் சொல்லி எச்சரிக்கும் கருவி இருந்தால், மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் அதை எடுங்கள்.

ஆன்டாலஜியும் மாறும். இதில் உயிரியல்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1998இல் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜியில் ஒரு கருத்துரு வழக்கொழிந்தால் அதன் அடையாளத்தை வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. வழக்கொழிந்தது என்று முத்திரை குத்தி, மாற்று இருந்தால் அதையும் பக்கத்தில் எழுதிவைக்கிறார்கள். பழைய முடிச்சுகள் அந்தரத்தில் தொங்காது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், கேள்வியிலிருந்து. எல்லாப் படத்துக்கும் எல்லாக் கருத்துருவையும் இணைப்போம் என்று கிளம்பினால் பாதியில் நின்றுவிடும். நம் நிறுவனத்தின் கேள்வி ஒன்றே ஒன்று: சொந்த விவரங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன? அதற்குத் தேவையான பத்துப் பதினைந்து கருத்துருக்களை மட்டும் எழுதி, நான்கு படங்களை மட்டும் எடுத்து, இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்ப்போம். ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்கக் கூடாது.

சேர்க்கைப் படத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். கூட்ட அறையிலும் அப்படியே. புகார்ப் பிரிவின் 'பதிவு செய்' பெட்டியில் ஒருவர் 'புகாரைக் குறித்தல்' என்கிறார், மற்றவர் 'தனிநபர் தரவைச் சேமித்தல்' என்கிறார். யார் சரி என்று வாக்குவாதம் செய்வதைவிட, தொலைபேசியை எடுப்பவரிடம் போய்க் கேட்கலாம். "புகாரைத்தான் எழுதுவோம், ஆனால் திரும்ப அழைக்க நம்பர் வாங்கி வைத்துக்கொள்வோம்" என்கிறார் அவர். அப்படியானால் பெட்டிக்கு 'புகாரைக் குறித்தல்' என்ற கருத்துருவே சரி. அதிலிருந்து புகார்த் தாள் என்ற தரவுப்பொருளுக்கு ஓர் அம்பு வரைந்து, அந்தத் தரவுப்பொருளுக்கு 'தொலைபேசி எண்' என்ற கருத்துருவை இணைக்க வேண்டும். பணிக்கு மட்டும்தான் அனோட்டேஷன் என்றில்லை. தரவுக்கும், பங்கேற்பவர்களுக்கென்று படத்தில் ஒதுக்கிய பட்டைகளுக்கும், நிகழ்வுகளுக்கும் போடலாம். சேர்க்கைப் படத்திலும் நான்காவது படத்திலும் இதே போல உறுப்பினர் படிவம் என்ற தரவுப்பொருளுக்குப் பெயர், முகவரி என்ற கருத்துருக்களை இணைத்தாகிவிட்டது. பழைய கேள்வியை மறுபடி கேட்கிறோம். சேர்க்கைப் படம் வருகிறது, 'புது உறுப்பினரைச் சேர்' வருகிறது, கூட்ட அறை வரவில்லை. தொலைபேசி எண் தொடர்பு விவரம், தொடர்பு விவரம் தனிநபர் தரவு என்ற அந்த இரண்டு வரிகளின் வழியே புகார்ப் படமும் மூன்றாவதாக வந்து சேர்கிறது.